கொடுத்த வாக்கும் உழைத்த கடனும்

(எழுதுவினைஞரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வேலைக்குச் சேரும்பொழுது தருவதாக ஒப்புக்கொண்ட நன்மையை முதலாளி பின்னர் மாற்றலாமா, அல்லது அடியோடு நிறுத்தலாமா என்பதே இன்று எம்மிடம் விடுக்கப்பட்டிருக்கும் வினா. சட்டத்தரணிகள் தமக்குள் வாதாடித் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. வருகின்ற சம்பள ஏற்றத்தை எண்ணி மகளின் திருமணத்துக்கு நாள் குறிக்கும் எழுதுவினைஞனுக்கும், பணிக்கொடையை நம்பி வீட்டுக்கு அத்திவாரம் போடும் தொழிலாளிக்கும், முதுமையிற் கைகொடுக்கும் என்று ஓய்வூதியத்துக்குச் சந்தா கட்டிய கமக்காரனுக்கும் இது அடுப்பு எரிவதைப் பற்றிய வினாவாகும்.

களத்துமேட்டு நீதி

சட்டப் புத்தகத்தைத் திறக்குமுன் களத்துமேட்டுக்குச் செல்வோம். இங்கு வந்திருக்கும் கமக்காரப் பெரியோர்களை ஒன்று கேட்கிறோம். அறுவடைக்கு ஆள் பிடிக்கிறீர்கள். நாளொன்றுக்கு இவ்வளவு கூலி, பகற் சாப்பாடு, மாலையில் இத்தனை கொத்து நெல் என்று பேசி முடிக்கிறீர்கள். மூன்று நாள் வேலை முடிந்தபின், "காசு தருவேன், நெல் தரமாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் ஊர் அவரை என்ன சொல்லும்? வாக்குத் தவறியவர் என்று சொல்லும். அடுத்த போகத்துக்கு அவர் வயலில் அரிவாள் வைக்க ஆள் வாராது.

அதே மனிதர் மூன்று நாளுக்குரிய கூலியையும் நெல்லையும் குறைவின்றி அளந்து கொடுத்துவிட்டு, "நாளை தொடக்கம் நெல் இல்லை; விருப்பமானால் வாருங்கள்" என்று கூறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் முணுமுணுக்கும், ஆனால் ஏமாற்றினார் என்று சொல்லாது. நாளைக்கு வருவதும் வராததும் வேலையாளின் விருப்பம்.

இதிலே முழு நீதியும் அடங்கியிருக்கின்றது. செய்து முடித்த வேலைக்கு உரியது கடன்; அதில் ஒரு மணியும் குறையலாகாது. இனிச் செய்யப்போகும் வேலைக்குரியது பேச்சு. இரு தரப்பும் உடன்பட்டால் மாறலாம். நெடுங்காலமாக நீதிமன்றங்கள் விரித்துரைத்து வருவதும் இவ்வளவே. ஆனால் முதலாளி சாதாரண மனிதனாக இல்லாமல் அரசாங்கமாகவே இருந்தால் இந்த நீதி செல்லுமா? இந்த வினாவைக் கடல் கடந்து கொண்டு சென்றவர் ஒரு தமிழ் எழுதுவினைஞர்.

கோடீஸ்வரன் வழக்கு

செல்லையா கோடீஸ்வரன் 1952ஆம் ஆண்டு அரசாங்க எழுதுவினைஞர் சேவையில் நியமனம் பெற்றார். அச்சேவைக்கென வகுக்கப்பட்ட பிரமாணக் குறிப்பில் சம்பளத் திட்டம் எழுதப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு கிடைக்க வேண்டிய ஏற்றமும், அதற்குத் தேற வேண்டிய பரீட்சைகளும் எழுதப்பட்டிருந்தன. சிங்களத்திலே தேர்ச்சி பெற வேண்டும் என்ற நிபந்தனை அன்று இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தது. 1961 டிசம்பரில் திறைசேரி 560ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை விடுத்தது. குறித்த மொழிப் பரீட்சையிற் சித்தியடையாதோருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்பது அதன் பயன். 1962இல் கோடீஸ்வரனுக்கு உரிய ஏற்றம் மறுக்கப்பட்டது.

அவர் மனுப் போட்டுக் காத்திருந்து வாளாவிருக்கவில்லை. அரசாங்கத்தின்மீது கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். ஓர் இனத்தவர்க்கு மாத்திரம் இடர் விளைக்கும் சட்டங்களை அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடைசெய்திருந்தது. மொழிச் சட்டம் அப்பிரிவை மீறியது என்பது அவரது முடிவு.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ தலைமையில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எவ்வாறு மாற்றியது என்பதைக் கவனியுங்கள். மொழிச் சட்டம் செல்லுமா, செல்லாதா என்ற வினாவை அது தீர்க்கவில்லை. அரச ஊழியன் முடியின் விருப்பம் உள்ளவரையே பணியில் இருப்பவன். தன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர அவனுக்கு உரிமை இல்லை என்று கூறி வாசலிலேயே வழக்கைத் தள்ளியது. இதன் கருத்து யாது? அரசாங்கம் தரும் சம்பளம் கடனன்று, தயவு என்பதே. தயவாகக் கொடுப்பவன் நிறுத்தினால் கேட்பதற்கு ஆள் இல்லை.

கோடீஸ்வரன் இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றார். 1969 டிசம்பர் 11ஆம் நாள் அம்மன்றம் தீர்ப்பளித்தது. மன்றத்தின் கருத்தை டிப்ளொக் பிரபு எழுதினார். இலங்கையின் பொதுச் சட்டம் உரோம-இடச்சுச் சட்டம். அரசாங்கம் செய்த ஒப்பந்தத்தின்மேல் அரசாங்கத்தையே பிரதிவாதியாக்கி வழக்காடும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்நாட்டு நீதிமன்றங்களில் வேரூன்றியிருந்தது. ஆதலால் உழைத்த சம்பளம் சட்டத்தாற் பெறக்கூடிய கடனே என்று மன்றம் தீர்த்தது. முடி நினைத்தபோது ஊழியனை நீக்கலாம் என்பது வேறு. நீக்கும் வரைக்கும் அவன் உழைத்ததைக் கொடுக்க வேண்டும் என்பது வேறு. களத்துமேட்டிலே நாம் கண்ட நீதியை அரசாங்கத்துக்கும் உரித்தாக்கிய தீர்ப்பு இது. வழக்கின் மிகுதிக் கதையை முடிவிலே கூறுவோம்.

மௌனம் சம்மதமாகும் இடம்

வெற்றியைக் கேட்டுக் கைதட்டும் வேளையில் அத்தீர்ப்பின் மற்றைய பக்கத்தையும் காட்டுவது எமது கடமை. எதிர்காலத்துக்குரிய நிபந்தனைகளை முடி மாற்ற வழியுண்டு என்று அதே தீர்ப்புக் கூறுகிறது. மாற்றம் வருகிறது என்று ஊழியனுக்கு அறிவிக்கப்படுகிறது. அறிந்தபின்னும் அவன் வேலையைத் தொடர்கிறான். பழைய ஒப்பந்தம் முடிந்தது, புதிய நிபந்தனையோடு புதிய ஒப்பந்தம் பிறந்தது என்பதே அந்நிகழ்ச்சியின் சரியான பொருள் என்றால், மாற்றம் செல்லும். அதற்குமுன் உழைத்ததை மாத்திரம் அது தீண்டாது.

இந்த இடத்திலேயே எம்மவர் பெரும்பாலும் வீழ்கின்றனர். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று வீட்டிலே சொல்கிறோம். வேலைத் தலத்தில் அதை மறந்துவிடுகிறோம். எம்மிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம். ஒரு கம்பெனியில் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தவர். ஊழியரின் குடும்பத்துக்கு வைத்தியச் செலவு கொடுக்கப்படும் என்று அவர் நியமனக் கடிதத்திலேயே இருந்தது. ஒரு நாள் அறிவித்தற் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அச்சலுகை அடுத்த மாதம் தொடக்கம் இல்லை என்றது. எல்லோரும் வாசித்தனர், தேநீர் வேளையில் ஏசினர், பின்னர் வேலைக்குத் திரும்பினர். நான்கு ஆண்டுகள் கழித்து மனைவிக்குச் சத்திரசிகிச்சை வந்தபொழுதே அவர் கடிதத்தைத் தேடி எடுத்தார். "அன்றே நீர் எழுத்தில் ஏதேனும் மறுத்தீரா?" என்று கேட்டோம். "எல்லோரும் பேசாமல் இருந்தார்கள், ஐயா; நானும் இருந்துவிட்டேன்" என்றார். கம்பெனிச் சட்டத்தரணிக்கு அதைவிடச் சிறந்த சாட்சியம் வேறு வேண்டுமா?

தனியார் துறையிலும் அடிப்படை விதி இதுவே. ஒப்பந்தத்தில் உள்ள நன்மையை ஒரு தரப்பு மாத்திரம் தன்னிச்சையாய் மாற்றுதல் ஒப்பந்த மீறல். அம்மீறலை அறிந்தும் நெடுங்காலம் எதிர்ப்பின்றித் தொடர்ந்தால், அது சம்மதமெனக் கொள்ளப்படும் ஆபத்து உண்டு.

மூவகை நன்மைகள்

எல்லா நன்மைகளும் ஒரே தட்டில் நிற்பவை அல்ல. அவற்றை மூன்றாக வகுத்து மனத்தில் வைத்திருங்கள்.

முதலாவது, சட்டம் தந்தவை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியிடம் ஐந்தாண்டு நிறைவுசெய்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், ஏனையோர்க்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளமும் உரியன. இவற்றை முதலாளி நிறுத்த முடியாது. "எனக்கு வேண்டாம்" என்று தொழிலாளியே கையொப்பமிட்டுக் கொடுத்தாலும் அத்தாள் செல்லாது.

இரண்டாவது, ஒப்பந்தம் தந்தவை. நியமனக் கடிதத்தில் எழுதப்பட்ட நன்மைகளும், தொழிற்சங்கமும் முதலாளியும் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நன்மைகளும் இவ்வகையின. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், கூட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அதற்குட்பட்ட ஒவ்வொரு தொழிலாளியின் தனி ஒப்பந்தத்துக்குள்ளும் அடங்கியனவாகக் கொள்கிறது. உடன்பாடின்றி இவற்றைக் குறைக்க இயலாது. ஆனால் உடன்பாட்டோடு குறைக்கலாம். கூட்டு ஒப்பந்தம் சட்டப்படி முடிவுறவும் செய்யலாம்.

மூன்றாவது, முதலாளி தன் விருப்பிலே தந்தவை. இலாபம் கண்ட ஆண்டிலே வழங்கும் மேலதிகக் கொடை, பண்டிகைப் பரிசு ஆகியன இவ்வகையின. "விருப்பத்தின்பேரில் வழங்கப்படுகிறது, உரிமையாகக் கோரலாகாது" என்று எழுதித் தருவனவற்றை நிறுத்தினால் பெரும்பாலும் பரிகாரம் இல்லை. எனினும், ஆண்டு தவறாது, ஒரே கணக்கின்படி, அனைவர்க்கும் கொடுத்து வந்த ஒன்று வெறுங் கொடை என்ற பெயருக்குள் எளிதில் ஒளிந்துகொள்ள முடியாது. அது சம்பளத்தின் பாகமாகிவிட்டது என்று வாதாட இடமுண்டு. அந்த வாதத்துக்கு ஆண்டாண்டுச் சம்பளச் சீட்டுகளே ஆயுதம்.

தோட்டத்திற் கண்ட பாடம்

உடன்பாட்டோடு நன்மை குறைவது எப்படி என்பதற்கு மலையகத் தோட்டங்களை நோக்குங்கள். 2016இல் செய்த கூட்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக் கொடுப்பனவு 60 ரூபா. உற்பத்தி ஊக்கக் கொடுப்பனவு 140 ரூபா. தேயிலை விலைப் பங்கு 30 ரூபா. ஆக 730 ரூபா. 2019 ஜனவரியிற் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடிப்படைச் சம்பளம் 700 ரூபா என்று பெரிதாய்ப் பேசப்பட்டது. இருநூறு ரூபா ஏறியது உண்மையே. ஆனால் வரவுக்கென்று இருந்த அறுபதும் ஊக்கத்துக்கென்று இருந்த நூற்றுநாற்பதும் அகற்றப்பட்டன. அறுபதையும் நூற்றுநாற்பதையும் கூட்டிப் பாருங்கள், அதே இருநூறு! விலைப் பங்கு ஐம்பதாகியதால் மொத்தம் 750 ரூபா. எல்லாக் கொடுப்பனவும் பெற்று வந்த தொழிலாளிக்கு நாளொன்றுக்குக் கிடைத்த உண்மை உயர்வு இருபது ரூபா.

நீதியாகப் பேசுவோம். அடிப்படைச் சம்பளம் உயர்ந்ததால் சேமலாப நிதிப் பங்கு உயரும். நிபந்தனைக் கொடுப்பனவைப் பெறாது போனவருக்கு நிலையான சம்பளம் கூடும். நட்டம் மாத்திரமே என்று நாம் கூறவில்லை. ஆயினும் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இந்தக் கணக்கைக் கையொப்பத்துக்கு முன்னர் எத்தனை பேர் விளக்கினர்? சங்கம் கையொப்பமிட்டால் அது அவளுடைய கையொப்பம். நீதிமன்றம் சென்று பழைய 140 ரூபாவைக் கேட்க முடியாது.

2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தது. கம்பெனிகள் கூட்டு ஒப்பந்த முறையை விட்டு வெளியேறின. சம்பளச் சபை கூலிக்குக் கீழெல்லை கட்டும். அதற்குக் கீழே முதலாளி இறங்க முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும், பிணக்கு வந்தால் எந்தப் படியில் யார் பேச வேண்டும் என்று இரு தரப்பும் இருந்து பேசி எழுதிய ஏற்பாட்டின் காவல் போய்விட்டது. கூலி உயர்ந்த அதே வேளையில் பறிக்க வேண்டிய நிறையும் உயர்கிறது என்ற முறைப்பாடுகள் எழுந்ததில் வியப்பில்லை. முன்வாசலாற் கொடுத்ததைப் பின்வாசலால் எடுப்பதற்கு அளவை மாற்றினாலே போதும்.

ஓய்வூதியம் என்னும் வாக்கு

அரச சேவையிலுள்ள அன்பர்கள் தம் ஓய்வூதியம் கல்லில் எழுதிய உரிமை என்று எண்ணுகின்றனர். ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதலாவது பிரிவை எடுத்து வாசியுங்கள். அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தில் முற்றான உரிமை கிடையாது என்ற கருத்தே அங்கு முதலிலே நிற்கிறது. பல்லாயிரம் குடும்பங்கள் அதனாற் சீவிக்கின்றன என்பதும், எந்த அரசாங்கமும் அதில் எளிதாகக் கைவைக்கத் துணியாது என்பதும் அரசியல். சட்டத்தின் சொல் அதுவன்று.

கமக்காரருக்கும் ஓய்வூதியம் உண்டு என்று 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கூறியது. சந்தா கட்டியோர் பலர். நிதி வறண்டபோது கொடுப்பனவு தடைப்பட்டதையும், முதியவர்கள் தபாற்கந்தோர் வாசலில் வெறுங்கையோடு திரும்பியதையும் இங்கிருப்போர் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே முதலாளி இல்லை, வாக்கு இருந்தது. பணம் ஒதுக்கப்படாத வாக்கு, தண்ணீர் இல்லாத குளத்தின் மதகு போன்றது. திறந்தாலும் வயல் நனையாது.

செய்ய வேண்டியவை

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பேணிவையுங்கள். கடை, காரியாலய ஊழியர்க்கு வேலை நிபந்தனைகளை எழுத்திலே கொடுக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் விதித்திருக்கிறது. தராவிடிற் கேட்டு வாங்குங்கள்.

மாற்றம் அறிவிக்கப்பட்டவுடன் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். "எனது உரிமைகளை விட்டுக்கொடாது வேலையைத் தொடர்கிறேன்" என்ற ஒரு வரி போதும். பிரதியை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தனியொருவன் எழுதினால் அது துணிவு. சங்கமாக எழுதினால் அது பலம்.

காலத்தை நழுவவிடாதீர்கள். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு, எழுத்தில் இல்லாததற்கு மூன்று ஆண்டு, தொழிலாளர் பணியாளரின் கூலிக்கு ஓராண்டு என்று அது எல்லை கட்டுகிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழில் நியாய மன்றுக்கு ஆறு மாதத்துக்குள் செல்ல வேண்டும்.

சேரும்போது சொன்ன நிபந்தனையையும் சேர்ந்தபின் புகுத்திய நிபந்தனையையும் ஒன்றாக எண்ணாதீர்கள். 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையிற் சேர்ந்தோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். அது தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவானது, வாசலிலேயே சொல்லப்பட்டது. கோடீஸ்வரனுக்கு நேர்ந்தது அதுவன்று. பாதி வழி சென்றவனை மறித்துப் புதிய ஆயம் கேட்ட செயல் அது.

விடை கிடைக்காத வினா

அவ்வழக்கின் மிகுதிக் கதைக்கு வருவோம். சம்பளத்துக்கு வழக்காடும் உரிமை உண்டென்று தீர்த்த பிரிவிக் கவுன்சில், மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு அமைந்ததா என்ற வினாவைத் தான் தீர்க்கவில்லை. அதுபற்றி உயர் நீதிமன்றத்தின் கருத்துத் தம்முன் இல்லை என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டுகளில் நடந்தது யாது? 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆம் நாள் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது. மொழிச் சட்டத்தைப் பற்றிய வினாவுக்கு விடை கூறப்படவே இல்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோது, வழக்குத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகிக்கொண்டிருந்தது.

தோழர்களே, ஒரு முதலாளி ஊழியனின் நன்மையைக் குறைக்கலாம். ஊழியன் மன்றுக்குப் போவான். அரசாங்கம் என்னும் முதலாளியோ மன்றையும், மன்று நோக்கும் பிரிவையும் ஒருங்கே மாற்றிவிட வல்லது. ஆகையால் சம்பளச் சீட்டைக் காப்பவன் நீதிமன்றங்களின் சுதந்திரத்தையும் அரசியலமைப்பின் பாதுகாப்பையும் சேர்த்தே காக்க வேண்டும். அவை வேறு யாரோ பேசும் பெரிய விடயங்கள் என்று எண்ணியிருந்தால், நாளைக்குக் கடிதம் கையிலிருக்கும். அதைக் காட்ட இடமிராது.

"தருவதாகச் சொன்னதை மாற்றலாமா?" என்று கேட்டீர்கள். உழைத்து முடித்ததை மாற்ற இயலாது. சட்டம் தந்ததை மாற்ற இயலாது. இனி வருவதை எமது சம்மதமின்றி மாற்ற இயலாது. அந்தச் சம்மதத்தை மௌனத்தாலே கொடுத்துவிடாதீர்கள் என்பதே எமது வேண்டுகோள். வீடு சென்றதும் நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள். வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். விளங்காத இடத்துக்குக் கோடிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.